கையில் கட்டிய கங்காணி: ஒரு ஸ்மார்ட் பேண்டும் ஐந்து மாதமும்

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் ஒரு போன் கடையில் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்மார்ட் பேண்ட் இது. ஐந்து மாதம் கையில் கட்டியாகிவிட்டது, இனி எழுதலாம். வாங்கிய மறுநாளே ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, கல்யாணமான மறுநாள் மாமியாரைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் அதுவும் இருக்கும். கம்பெனிப் பெயரும் கடைப் பெயரும் இதில் வராது. குறை நிறையச் சொல்லப்போகிறேன், அதுவும் போக இந்த விலையில் வரும் பேண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாமான்தான், பெட்டி மட்டும்தான் வேறு வேறு.

எனக்கு வயது 43. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், அதாவது நாள் முழுக்க நிற்கிறேன், ஆனால் நடப்பதில்லை. பங்குனியில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சீனி 112 என்று வந்தது. 100க்குக் கீழே என்றால் சரி, 126ஐத் தொட்டு மறுபடி பார்த்தாலும் அப்படியே இருந்தால் சீனி வருத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம், நான் நடுவில், வாசற்படியில். டொக்டர் தலையை நிமிர்த்தாமலே “நடங்க டீச்சர்” என்றார். அவ்வளவுதான் மருந்து. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே போன் கடைக் கண்ணாடிக்குள் இந்தப் பேண்ட் தொங்கிக்கொண்டிருந்தது. பயத்தோடு கடைக்குள் போகிறவள் விலை பேசமாட்டாள். நானும் பேசவில்லை.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் பாதிப் பேர் வாசிப்பீர்கள். பெட்டியில் பேட்டரி 14 நாள் என்று போட்டிருக்கிறது, எனக்கு எட்டு நாள் வருகிறது, மார்கழிக் குளிரில் இன்னும் குறையும் போல. சார்ஜ் பண்ணும் வயர் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்ன வயர், தொலைந்தால் ஹட்டனில் கிடைக்காது, கண்டிக்குத்தான் போக வேண்டும் என்று கடைக்காரத் தம்பியே சொன்னார், அந்த நேர்மைக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடலாம். மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடி மாதம் முழுக்க நனைந்தது, பாத்திரம் கழுவியது, உடுப்புத் துவைத்தது, எதற்கும் அசையவில்லை. தமிழ் மட்டும் அதற்குத் தெரியாது. கொழும்பில் வேலை செய்யும் வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பினால் கையில் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும், எட்டுக் கட்டம் வந்தால் சாப்பிட்டாச்சா, மூன்று வரி நிறையக் கட்டம் வந்தால் காசு விஷயம் என்று நானே பழகிக்கொண்டேன்.

நாடித்துடிப்புக் காட்டும் விஷயத்தில் கவனமாக இருங்கள். பேண்டின் அடியில் பச்சை வெளிச்சம் மின்னும், தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவதை அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது. கை விறைத்துப்போனால் தோலில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும், அப்போது அதற்கு ஒன்றும் தெரியாது. காலை ஐந்தரைக்கு நம் ஊர்ப் பக்கம் யார் கை விறைக்காமல் இருக்கிறது? ஒரு நாள் எனக்கு 48 காட்டியது, பயந்துபோய் அடுப்படியில் கையைச் சூடுகாட்டிவிட்டுப் பார்த்தால் 76. பிரஷரும் காட்டுகிறதாம். எனக்கு 118க்கு 76, அம்மாவுக்கும் 118க்கு 76, பிரஷர் மாத்திரை போடும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் 118க்கு 76. என் மகன் துவாயைச் சுருட்டி அதில் பேண்டைக் கட்டிப் பார்த்தான், துவாய்க்கு நாடித்துடிப்பு 74. ஆகவே தயவுசெய்து இதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். மேல்கையில் பட்டி சுற்றிக் காற்றடிக்கும் மெஷின்தான் பிரஷருக்கு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அங்கே பிரஷர், சீனி, எடை எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள், கடைக்குப் போகுமுன் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

இனி, வாங்கியதே எதற்காகவோ அந்த எட்டுக் கணக்கு, அதாவது எத்தனை அடி எடுத்துவைத்தோம் என்ற கணக்கு. இங்கேதான் கூத்து. பேண்டுக்குக் கால் தெரியாது, கைதான் தெரியும். கை ஆடினால் எட்டு. தேங்காய் துருவினேன், 180 எட்டு. ரொட்டி தட்டினேன், 90 எட்டு. கரும்பலகையைத் துடைத்தால் எட்டு, கைதட்டினால் எட்டு. ஆனால் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் 140 படி ஏறினால், மூச்சு வாங்கி நடுவில் ஒருதரம் நின்று ஏறினால், 20 எட்டு கூட விழாது, கை ஆடவில்லையே. அப்படியே கையை வீசி ஏறினாலும் மேட்டில் வைக்கும் எட்டுக்கும் கொழும்புக் கடற்கரையில் வைக்கும் எட்டுக்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது. உயரம் அளக்கும் கருவி விலை கூடிய பேண்டுகளில்தான் இருக்கிறதாம். மலையில் இருக்கிறவர்களுக்கு அது இல்லாத பேண்டை விற்பது, கண் தெரியாதவருக்குப் படம் போட்ட கொப்பி விற்கிற மாதிரி.

சரி, பிழையான கணக்கென்றாலும் தினமும் ஒரே மாதிரிப் பிழை, நேற்றைவிட இன்று கூடவா குறையவா என்று பார்க்கலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையும் அதுதான், அந்த அளவுக்குப் பேண்ட் உதவும்.

வாங்கிய அன்றே அதில் 10,000 என்று இலக்குப் போட்டிருந்தது. நான் போடவில்லை, அதுவே போட்டுக்கொண்டு வந்தது. அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965இல், ஒரு ஜப்பான் கம்பெனி இடுப்பில் மாட்டும் எட்டுக்கணக்குக் கருவி ஒன்றை விற்றது, அதற்கு ‘மன்போ-கெய்’ என்று பெயர், பத்தாயிரம் எட்டு மீட்டர் என்று அர்த்தம். வியாபாரத்துக்கு வைத்த பெயர், எந்த டொக்டரும் உட்கார்ந்து அளந்து சொன்னதல்ல. 2019இல் ஹார்வர்டில் 16,741 வயதான பெண்களைப் பார்த்த ஒரு ஆய்வில், ஒரு நாளைக்கு 2,700 எட்டு நடந்தவர்களைவிட 4,400 எட்டு நடந்தவர்களில் சாவு தெளிவாகக் குறைவாக இருந்தது, சுமார் 7,500க்கு மேல் போனால் மேலதிகமாகப் பெரிய லாபம் தெரியவில்லை. அவர்களின் சராசரி வயது 72, எனக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் 9,200 எட்டு நடந்த ராத்திரி நான் தோற்றுப்போனவளாகப் படுத்தேனே, அதற்கு ஒரு காரணமும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

தோற்றுப்போனவள் என்று சும்மா சொல்லவில்லை. ராத்திரி ஒன்பதானதும் பேண்ட் கையில் ஒரு உதறு உதறும். எவ்வளவு குறைகிறது என்று சிவப்பில் காட்டும். போனில் நாள் வரிசையாக வட்டம் இருக்கும், 10,000 முடித்தால் வட்டம் முழுசாகப் பச்சை, முடிக்காவிட்டால் பாதிதான். அந்தப் பாதி வட்டத்தைப் பார்த்த முதல் நாளே எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது, என்னவென்று பிடிபடவில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது. அரைப்பேர்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கும், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18 கிலோ, 20 கிலோ என்று. அது காணாவிட்டால் காலையிலிருந்து மழையில் நின்றதெல்லாம் கணக்கில்லை, செக்ரோல் என்ற வருகைப் பதிவில் அரைப்பேர்தான் விழும், அரை நாள் சம்பளம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் தொங்கவிட்டு, சாக்குக்கு இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். என் அம்மா முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு மடுவத்துக்குப் போய் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது நான் தராசைப் பார்க்கமாட்டேன், அம்மா முகத்தைத்தான் பார்ப்பேன், முழுப்பேரா அரைப்பேரா என்று அதிலேயே தெரியும்.

இப்போது நான் டீச்சர், மாதச் சம்பளம், யாரும் என்னை நிறுத்துப் பார்ப்பதில்லை, ஆனால் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு கங்காணியை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கங்காணிக்கு எப்படி நடந்துகொள்வோமோ அப்படியேதான் இதற்கும் நடந்துகொண்டேன். ஏமாற்றினேன். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு டீவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டுவேன், சாமி வந்த மாதிரி, 600 எட்டு, 700 எட்டு, வட்டம் பச்சையாகும், நிம்மதியாகப் படுப்பேன். மகன் சிரிப்பான். ஒரு நாள் அம்மா வெற்றிலை இடித்துக்கொண்டே பார்த்துவிட்டு, “என்னா புள்ள செய்ற?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் உரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்களும் கிலோ காணாட்டி அடியில முத்தல் எலயப் போட்டு மேல கொழுந்தப் பரப்பிக் கொண்டுபோவோம், கங்காணி கையவிட்டுக் கிளறுனா மாட்டிக்குவோம். அது வயித்துக்கு. ஒனக்கு யாரு அரைப்பேர் போடப்போறா, நீ எதுக்கு முத்தல் எல போடுற?” என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. வெட்கமாக இருந்தது என்பதைவிட, நான் யாரை ஏமாற்றுகிறேன் என்பதே விளங்கவில்லை. கால் என்னுடையது, இரத்தத்தில் ஏறும் சீனி என்னுடையது.

இதற்கு நடுவில் வரிசை அறுந்த கதையும் உண்டு. பேண்டோடு வரும் ஆப்பில் தொடர்ந்து எத்தனை நாள் இலக்கை முடித்தாய் என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். எனக்கு 22 வரைக்கும் ஏறியது (அதில் எத்தனை நாள் டீவிக்கு முன்னால் என்று கேட்காதீர்கள்). 23ஆம் நாள் பேய் மழை, டிக்கோயாப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை, வீடு வந்து சேர எட்டு மணி, காய்ச்சல் மாதிரி உடம்பு. மறுநாள் காலையில் பார்த்தால் எண் பூஜ்ஜியம். 22 நாள் நடந்தவளும் பூஜ்ஜியம், ஒருநாளும் நடக்காதவளும் பூஜ்ஜியம். பேண்டைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். பதினொரு நாள் உள்ளே கிடந்தது, நானும் நடக்கவில்லை.

அந்தப் பதினொரு நாளைத்தான் இந்த விமர்சனத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சாமானை வாங்குகிற பத்துப் பேரில் எனக்குத் தெரிந்து ஆறேழு பேருடையது இப்படித்தான் அலுமாரியில் முடிகிறது. ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று நமக்குள் யார் சொல்லி வைத்தார்கள்? ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு கருத்தரங்கில் மனப்பாங்கு பற்றிப் பேச வந்தவர், 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று அடித்துச் சொன்னார், நாங்களும் கொப்பியில் எழுதிக்கொண்டோம். அந்த 21 எங்கே பிறந்தது என்றால், அமெரிக்காவில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை டொக்டர், மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதியதுதான். மூக்குக் கதையை நடைக்குக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள், ‘குறைந்தது’ என்ற சொல்லையும் வழியில் விட்டுவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. சாப்பாட்டோடு ஒரு பழம், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஓட்டம், இப்படி ஆளுக்கு ஒரு பழக்கம். யோசிக்காமலே கை போகும் அளவுக்கு அது ஊற நடுத்தரமாக 66 நாள், சுலபமானவருக்கு 18, கஷ்டமானவருக்குக் கணக்குப்படி 254. அதில் எனக்குப் பிடித்தது நாள் கணக்கல்ல, நடுவில் ஒரு தடவை தவறவிட்டதால் பழக்கம் ஊறுவதில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பதுதான். பேண்ட் எனக்குச் சொன்னதற்கு நேர்மாறு.

பன்னிரண்டாம் நாள் பேண்டைத் திரும்ப எடுத்தேன். அதில் மாற்றக்கூடியதை எல்லாம் மாற்றினேன், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, ஆப் முழுக்க இங்கிலீஷில், மெனுவுக்குள் மெனு. வரிசை எண் காட்டுவதை நிறுத்தினேன், ராத்திரி ஒன்பது மணி உதறலையும் நிறுத்தினேன். இலக்கை எடுக்கவே முடியாது, குறைக்கத்தான் முடியும், அதனால் இருப்பதிலேயே குறைவானது எதுவோ அதைப் போட்டேன், 2,000. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைப்பதிலேயே அது முடிந்துவிடும். ஆக காலை பத்து மணிக்கெல்லாம் எனக்கு முழுப்பேர், அதற்குப் பிறகு நடப்பது என்னுடைய இஷ்டம்.

நடக்கிற நேரத்தையும் மாற்றினேன். முன்பு, நேரம் கிடைக்கும்போது என்று வைத்திருந்தேன், நேரம் யாருக்குக் கிடைக்கிறது? இப்போது ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு. அவ்வளவுதான் விதி. வீட்டுக்குக் கீழே ரோட்டில் மாரியம்மன் கோயிலிலிருந்து பாலம் வரைக்கும் மேடில்லாத ஒரு துண்டு இருக்கிறது, போய்வர 15 நிமிஷம். சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி அவ்வளவாக ஏறாது என்று டொக்டரும் இரண்டாம் தடவை போனபோது சொன்னார், இந்த முறை தலையை நிமிர்த்தி.

ஆனால் இதில் பேண்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முடிச்சு இருந்தது. நம் பக்கம் சும்மா நடக்கிற பொம்பிளை கிடையாது. ரோட்டில் இறங்கினால் கடைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மலைக்கு. “எங்க டீச்சர், கடைக்கா?” என்று கேட்பார்கள், நல்ல மனதோடுதான் கேட்பார்கள், “சும்மா நடக்கிறேன்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதல் இரண்டு கிழமை கையில் வெறும் பை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். நீலக் கோடு போட்ட சந்தைப் பை, உள்ளே ஒன்றுமில்லை, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன், ஆள் வந்தால் விரித்துத் தொங்கவிடுவேன். கேட்டால் கடைக்கு என்பேன், திரும்பும்போது பார்த்தவர் பை வெறுமையாக இருப்பதைப் பார்த்து “சாமான் இல்லையா?” என்றால் “கடை பூட்டியாச்சு” என்பேன். நாற்பத்து மூன்று வயதில், பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி, ராத்திரி எட்டு மணிக்கு வெறும் பையோடு பொய் சொல்லிக்கொண்டு நடக்கிறாள். ஒரு நாள் அவசரத்தில் பையை மறந்து இறங்கிவிட்டேன், பாதி தூரத்தில்தான் கவனித்தேன், கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏதோ உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி. எதிரே வந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், “சீனிக்கு நடக்கிறேன் அக்கா” என்று சொல்லிவிட்டேன். “எனக்கும் பிரஷர், நாளைக்குக் கூப்பிடு” என்றார். அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது.

மனப்பாங்கு என்று கருத்தரங்கில் படம் போட்டுச் சொன்னதெல்லாம் எனக்கு இந்தப் பையில்தான் விளங்கியது. தன்னைப் பார்த்துக்கொள்வதற்குக் கூட ஒரு வேலையின் வேஷம் போட வேண்டியிருக்கிறது. வேலை நேரத்தில் வேலையில்லாமல் ரோட்டில் நின்றால் பெயர் வெட்டப்படும் என்ற பயத்தோடு மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டு, இன்றைக்குக் கையில் பேண்டைக் கட்டினால் காலுக்குச் சுதந்திரம் வந்துவிடுமா?

அம்மாவுக்கும் ஒரு கிழமை கட்டிவிட்டுப் பார்த்தேன். 69 வயது, பென்சன் இல்லாத பென்சன்காரி. வீட்டைச் சுற்றி கோவா, கரட், லீக்ஸ் நாலு பாத்தி, கோழி, தண்ணீர் பிடிப்பு. ஒரு நாளைக்கு 8,000க்குக் குறையவில்லை, கையாட்டல் கணக்கைக் கழித்தாலும் என்னைவிடக் கூட. “அப்ப நான் நல்லா இருக்கேனா?” என்று சிரித்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டது, மாடி ஏற முடியாது. இதை யோசிக்கும்போது இரண்டு ஆய்வுகள் எனக்கு ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒன்று, 2007இல் அமெரிக்காவில் ஆலியா கிரமும் எலன் லாங்கரும் வெளியிட்டது. ஏழு ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் 84 பெண்களில் ஒரு பகுதியினரிடம், நீங்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சிதான் என்று விளக்கிச் சொன்னார்கள், மற்றவர்களிடம் சொல்லவில்லை. நான்கு கிழமை கழித்துச் சொல்லப்பட்டவர்களின் எடையும் பிரஷரும் குறைந்திருந்தது, தாங்கள் வேறெதையும் மாற்றவில்லை என்றுதான் அவர்கள் சொன்னார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சின்ன ஆய்வு, நான்கே கிழமை, நான் முழுப் பாரத்தையும் அதன் மேல் வைக்கமாட்டேன். அதோடு இதை எங்கள் தோட்டத்துத் துரைமார் யாராவது வாசித்துவிட்டால், கொழுந்து பறிக்கிறதே ஜிம்தானே, பிறகெதற்கு டிஸ்பென்சரிக்கு மருந்து என்று கேட்டாலும் கேட்பார்கள். இன்னொன்று டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021இல் வந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைக்கிறவர்களுக்கு இதய வருத்தமும் சாவும் குறைவு, வேலையில் பாரமாக உழைக்கிறவர்களுக்கு அவை அதிகம். அசைவு இரண்டிலும்தான் இருக்கிறது. வேலையில் வேகத்தை நீ வைப்பதில்லை, களைத்தால் உட்கார முடியாது, ஆறவும் நேரமில்லை, காரணம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள். அம்மாவின் முழங்காலைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் நம்பத் தோன்றுகிறது. மனதை மாற்றினால் எல்லாம் மாறும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டி மலையில் ஏறிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

ஐந்தாம் மாதம் திரும்ப இரத்தம் எடுத்தேன், 103. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தேன் (முதல் கிழமை வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி இருந்தது, பிறகு ஒரு கறண்டி கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தேன், அதுவும் சீனிதான் என்று மகன் பிடுங்கிக்கொண்டான்), ஆகவே எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பேண்டினால் குறைந்ததா என்று கேட்டால், அலுமாரியில் கிடந்த பதினொரு நாளும் சேர்த்துத்தான் அதன் வேலை என்று சொல்வேன்.

யார் வாங்கலாம்? ஏற்கெனவே நடக்கிறவர்கள், எண்ணைப் பார்த்தால் உற்சாகம் வருகிறவர்கள், தோற்றால் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், காசுக்குத் தகுந்த சாமான். வாங்கினால் அன்றைக்கே இலக்கைக் குறைத்துவிட்டு, வரிசை எண்ணை நிறுத்திவிட்டுக் கட்டுங்கள். என்னைப் போல ஒரு எண்ணுக்குப் பயந்து வளர்ந்தவர்கள் முதலில் ஒரு மாதம் வெறும் கையோடு நடந்து பாருங்கள், 6,500 ரூபாய்க்கு நல்ல சப்பாத்து ஒன்று வரும், ஆடி மழையில் அட்டை ஏறாமல் இருக்க அதுதான் முதலில் தேவை. உப்பும் சவர்க்காரமும் காலுக்குத் தேய்த்துக்கொண்டு நடந்த கதையைத் தனியாக எழுதலாம். நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்று, தமிழ் தெரிந்திருந்தால் மூன்றரை.

போன கிழமை பட்டியின் கொக்கி உடைந்துவிட்டது. ஆறு மாத கேரண்டி பட்டிக்குச் செல்லாதாம், புதுப் பட்டி 900 ரூபாய் என்றார் தம்பி, வாங்கவில்லை. பேண்ட் இப்போது அடுப்படித் தட்டில் மணி பார்க்க நிற்கிறது, பக்கத்து வீட்டு அக்கா எட்டு மணிக்குக் கீழே நின்று கூப்பிடுகிறார், இருவருமாகப் பாலம் வரைக்கும் போய்வருகிறோம். நீலக் கோட்டுப் பையைத் திரும்ப எடுத்துப்போகிறேன், வரும் வழியில் பாண் வாங்க. சீனிக்குப் பாண் ஆகாது என்று தெரியும், அது மகனுக்கு.